பகையைச் சுமக்காத நெஞ்சம்
(கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் வாழ்வில் ஒரு பாடம்)



நமது தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் செல்லும் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும், வ.உ.சி. என்பவர் கப்பலோட்டிய தமிழர் என்றும், சிறையில் செக்கிழுத்த செம்மல் என்றும் தயங்காமல் விடை சொல்லும். நம் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் கப்பல் ஓட்டிய வரலாறும் செக்கு இழுத்த வரலாறும் நாம் பலமுறை கேட்டவையே. ஆனால் சிறையிலிருந்து வெளிவந்த பின் ஏறத்தாழ 24 ஆண்டுகள் அப்பெரியார் இவ்வுலகில் வாழ்ந்தார். அனைத்தையும் இழந்த ஒரு மனிதர் அத்தனை ஆண்டுகளையும் எப்படிக் கழித்தார், தமக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றித் தம் நெஞ்சில் எதை வைத்திருந்தார் என்று நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இவ்வாண்டு மலரில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. இமாமத் பணியில் இருக்கும் எவரும் காணும் காட்சி ஒன்றுண்டு. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் உரசி நின்று தொழுகின்ற இரு சகோதரர்கள், ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த மறுகணமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறுவார்கள். காரணம் கேட்டால், பாகப்பிரிவினையில் விட்டுப்போன ஒரு முழச் சுவராக இருக்கும். அல்லது பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் வீட்டில் சொல்லப்பட்ட ஒரு சொல்லாக இருக்கும். அவர்களில் ஒருவர் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவராகவும், மற்றவர் இரவில் உறக்கம் வரவில்லை என்று ஓதிப்பார்க்க வருபவராகவும் இருப்பார். நோய்க்கும் அந்தப் பழைய வழக்குக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை இருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிறப்பும் தொழிலும்

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். மகனும் தந்தையின் வழியிலேயே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு இடம் பெயர்ந்தார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் கருதாமல் நடத்திக் கொடுப்பவர் என்ற நற்பெயர் அவருக்கு இருந்தது.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. நம்மவர் சரக்கும் நம்மவர் பயணமும் அவர்கள் சொன்ன கட்டணத்திலேயே நடந்தன. இந்நிலையை மாற்ற 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். அப்பங்குகளில் 8,000 பங்குகளை, அதாவது ஐந்தில் ஒரு பாகத்தை, 2 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள். ஒரு ஹாஜியாரின் செல்வமும் ஒரு வழக்கறிஞரின் உழைப்பும் ஒரே கப்பலில் ஏறின என்பதை நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்த்தரப்பார் பொறுக்கவில்லை. பயணக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள். பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் சொன்னார்கள். பொருள் பலம் மிகுந்தவரோடு நடந்த அந்தப் போட்டியில் சுதேசிக் கம்பெனி மெல்ல மெல்ல நலிவுற்றது.

சோதனைக் காலம்

1908ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனார் அவர்களுக்குத் துணை நின்றார். தொழிலாளர்கள் வெற்றியும் பெற்றனர். ஆட்சியாளரின் சினம் எல்லை மீறியது. மார்ச் 12ஆம் நாள் சுப்பிரமணிய சிவா முதலியோருடன் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொந்தளித்து எழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் பலியாயின.

அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 ஆண்டுகள். அப்போது சிதம்பரனாருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பின்னர் நீங்கவேயில்லை. மேல்முறையீடுகளில் தண்டனை 6 ஆண்டுகளாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. பின்னர் மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் இழுக்க வைத்தார்கள். அதன் பின் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. எவருடைய ஆதிக்கத்தை எதிர்த்துக் கப்பல் வாங்கினாரோ, அந்தப் போட்டியாளர் கைக்கே கப்பல் போய்ச் சேர்ந்தது.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையானார். கைதானபோது ஊரே திரண்டது. விடுதலையானபோதோ சிறைவாசலில் சுப்பிரமணிய சிவா உள்ளிட்ட ஒரு சிலரே நின்றனர். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. பொருளும் போயிற்று. சென்னையில் மளிகைக் கடையும் எண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைக்க வேண்டிய நிலை வந்தது.

சகோதரர்களே! இவற்றுள் ஒன்று நமக்கு நேர்ந்தாலே ஆயுள் முழுவதும் பகை வளர்க்கப் போதுமானது என்று நாம் கருதுவோம். அவருக்கோ அத்தனையும் நேர்ந்தன.

சிறைக்குள் ஒரு புத்தகம்

சிதம்பரனார் சினமே அறியாத மனிதர் அல்லர். அவர் பாட்டாக எழுதிய சுயசரிதையில் தம் சினத்தை மறைக்கவும் இல்லை. அநீதி செய்தவரை அநீதி செய்தவர் என்றே அதில் எழுதினார். ஆனால் தமக்கு உதவி செய்த கைதிகளையும் சிறைப் பணியாளரையும் அதே நூலில் நன்றியோடு பதிவு செய்தார். சினம் வந்தது, அது வீடு கட்டிக் குடியிருக்க அவர் இடங்கொடுக்கவில்லை.

இதற்கு அவர் கைக்கொண்ட வழி வியப்பிற்குரியது. ஆங்கிலேயர் அடைத்த சிறையில் இருந்துகொண்டு, ஆங்கிலேயர் ஒருவரின் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஜேம்ஸ் ஆலன் என்ற அவ்வெழுத்தாளர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூல் அது. சிதம்பரனார் அதற்கு மனம்போல வாழ்வு என்று பெயரிட்டார். மனிதனின் எண்ணங்கள் அவனுடைய உடல்நலத்தை எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு அழிக்கின்றன என்பதற்கென்றே அந்நூலில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. உடல் மனத்தின் ஏவலாள். பகையும் பொறாமையும் அச்சமும் உடலைக் குலைக்கும். தூய எண்ணம் உடலுக்கு வலுவூட்டும் என்பது அதன் சாரம். உள்ளங்கைத் தோல் உரிந்த ஒருவர், அதே கையால் இக்கருத்துகளைத் தமிழில் எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதோடு நிறுத்தவில்லை. அதே ஆசிரியரின் நூல்களை அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் என்று தொடர்ந்து தமிழில் தந்தார். இறுதி நூல் வெளிவந்தது 1934ஆம் ஆண்டில். ஆக, கால் நூற்றாண்டுக் காலம் இந்தச் சிந்தனையை அவர் விடவில்லை. சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு நல்லறிவு புகட்ட மெய்யறிவு என்ற செய்யுள் நூலையும் இயற்றினார். தம்மைச் சூழ்ந்திருந்த துன்பத்தை எண்ணி எண்ணிக் கரையாமல், பிறருக்குப் பயன்படும் ஒரு வேலையில் மனத்தைச் செலுத்தினார். மன்னிப்பின் முதற்படி பல நேரங்களில் இதுவேயாகும்.

நன்மை செய்தவர் பெயர்

சிறை மீண்டபின் அவர் நடந்துகொண்ட முறைக்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்வேன்.

முதலாவது, காந்தியடிகளோடு நேர்ந்த பண விவகாரம். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம்மவர்கள் சிதம்பரனாரின் துன்பம் கேட்டுப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். அத்தொகை உரியவர் கையை அடையவில்லை. 1915ஆம் ஆண்டில் இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து தொடங்கியது. வறுமையில் இருந்த சிதம்பரனார் தமக்கு அப்பணம் தேவை என்பதை ஒளிக்காமல் எழுதினார். பல கடிதங்களுக்குப் பின், 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. வீட்டில் உலை வைக்க வழியில்லாத நேரத்தில் வரவேண்டிய பணம் தாமதமானால் நம்மில் எத்தனை பேர் உறவை முறிக்காமல் இருப்போம்? அவர் முறிக்கவில்லை. 1920ஆம் ஆண்டில் ஒத்துழையாமைக் கொள்கையில் காந்தியடிகளோடு மாறுபட்டுக் காங்கிரசை விட்டு விலகினார். அது கருத்து வேற்றுமை. ஆளைப் பகைத்தல் அன்று. 1927ஆம் ஆண்டில் மீண்டும் வந்து சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

இரண்டாவது, அவருடைய பிள்ளைகளின் பெயர்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து தமக்கு உதவிய வேதியப் பிள்ளை என்ற அன்பரின் நினைவாக ஒரு மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார். பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமத்தைத் திரும்பப் பெற உதவியவர் வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. முன்னர் திருநெல்வேலியில் பணியாற்றியவர். சிதம்பரனார் தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டினார். எந்த நாட்டார் தம் வாழ்வைக் குலைத்தார்களோ அந்த நாட்டார் ஒருவரின் பெயரை, ஒவ்வொரு நாளும் தம் வீட்டு முற்றத்தில் வாய் நிறைய அழைத்தார். தீமை செய்தவர் பெயரை நெஞ்சில் வைக்காதவருக்குத்தான் நன்மை செய்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்க இயலும். ஓர் இனத்தாரில் ஒருவர் செய்த தவற்றுக்கு அவ்வினம் முழுவதையும் வெறுக்கும் நோய் இன்று எங்கும் பரவியிருக்கிறது. அந்நோய்க்கு இது நல்ல மருந்து.

மூன்றாவது, அவருடைய மறைவு. உரிமம் மீண்டபின் கோவில்பட்டியிலும், 1932க்குப் பின் தூத்துக்குடியிலும் வழக்கறிஞர் தொழில் செய்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். வறுமை முற்றும் நீங்கவில்லை. தம் உயிலில் தாம் பிறருக்குத் தரவேண்டிய கடன்களையும் எழுதி வைத்தார். கடன் தீர்க்காமல் கப்றுக்குச் செல்ல அஞ்ச வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட நமக்கு, இந்த நேர்மை நன்கு விளங்கும். நோயுற்று இறுதி நெருங்கியபோது, தம்மைத் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்திற்குக் கொண்டு செல்லச் சொன்னார். சிறை மீண்டபோது வரவேற்க வராத இயக்கம். வறுமையில் வாடியபோது பெரிதும் மறந்திருந்த இயக்கம். அதன் கூரையின் கீழேயே 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தம் 64ஆம் வயதில் உயிர் நீத்தார். தம்மைப் புறக்கணித்தவரிடமே இறுதி மூச்சை ஒப்படைத்தவர் நெஞ்சில் பகை எங்கே தங்கியிருக்கும்?

உடல் என்ன சொல்கிறது?

சிதம்பரனார் மொழிபெயர்த்த கருத்தை இன்றைய மருத்துவமும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறது. நமக்குத் தீங்கு செய்தவரை நினைக்கும்போதெல்லாம், அந்தத் தீங்கு அப்போதே நடப்பதுபோல உடல் எழுந்து நிற்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் மிகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓர் ஆபத்திலிருந்து தப்பி ஓட இவை தேவை. ஆபத்து நீங்கியதும் இவை அடங்கிவிட வேண்டும். பகையை நாள்தோறும் நினைத்துப் புதுப்பிப்பவருக்கு இவை அடங்க நேரம் கிடைப்பதில்லை. உறக்கம் கெடுகிறது, செரிமானம் கெடுகிறது, நாளடைவில் இதயமும் தளர்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஹோப் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமக்குத் தீங்கு செய்த ஒருவரைப் பகையோடு நினைக்கவும், பின்னர் மன்னிக்கும் எண்ணத்தோடு நினைக்கவும் மாணவர்களிடம் சொன்னார்கள். பகையோடு நினைத்தபோது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் வியர்வையும் மிகுந்தன. மன்னிக்கும் எண்ணத்தில் இருந்தபோது அவ்வளவு மிகவில்லை. தீங்கு செய்தவர் அந்த அறையில் இல்லை. அவருக்கு இது தெரியவும் தெரியாது. துடித்தது நினைத்தவரின் இதயமே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மன்னிப்பு மருந்துக்கு மாற்று அன்று. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர், பகையை விட்டுவிட்டேன் என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மன்னித்தவர் எல்லாரும் நெடுநாள் வாழ்வார், செல்வராவார் என்பதும் இல்லை. சிதம்பரனாருக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது, இறுதிவரை எழுதவும் உழைக்கவும் நன்றி பாராட்டவும் இடமிருந்த ஒரு மனம்.

மன்னிப்பு எது, எது அன்று?

மன்னிப்பு என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது என்று சிலர் கருதுகின்றனர். சிதம்பரனார் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். தமக்குரிய பணத்தைக் கேட்டு எழுதினார். உரிமத்தைத் திரும்பக் கேட்டுப் பெற்றார். உரிமையைக் கேட்டார், பகையைச் சேர்த்துக் கேட்கவில்லை. நம் ஷரீஅத்தும் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கோரும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே மன்னிப்பதை மேலானது என்று கற்பிக்கிறது. எனவே கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் பொறுத்துப் போ என்று மட்டும் சொல்லி அனுப்புவது மன்னிப்பைப் போதிப்பது ஆகாது. முதலில் அடி நிற்க வேண்டும். அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஜமாஅத்தும் சட்டமும் இருப்பது அதற்காகவே. மன்னிப்பது எப்போது என்பது அவளுடைய உரிமை.

மறுபுறம், நாம் பகை பாராட்டும் வழக்குகளில் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. சுவர், வரப்பு, அழைப்பிதழில் விடுபட்ட பெயர், பந்தியில் கிடைக்காத மரியாதை என்ற அளவிலேயே அவை உள்ளன. தம்மை ஊரைவிட்டு விரட்டியவர்களை மக்கா வெற்றி நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மன்னித்ததையும், கிணற்றில் தள்ளிய சகோதரர்களை யூசுப் நபி (அலை) அவர்கள் மன்னித்ததையும் மிம்பரில் கேட்டுக் கண்ணீர் வடிக்கிறோம். பள்ளிவாசல் படியிறங்கியதும் ஒரு முழச் சுவரை மன்னிக்க முடியாமல் நிற்கிறோம்.

நம்மிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகச் சென்று, செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார். அதற்கு ஹஜ் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாள்களுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருப்பதை நம் மார்க்கம் ஏற்கவில்லை என்பதை அறிவோம். முதலில் ஸலாம் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள். பேச நா எழவில்லையென்றால், தொழுகைக்குப் பின் அவருக்காக ஒரு துஆவேனும் செய்யுங்கள். ஜனாஸா தொழுகையில் முன்வரிசையில் நின்று அழுகிறவர்களில் சிலர், இறந்தவரோடு பல ஆண்டுகள் பேசாதிருந்தவர்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். மய்யித்திடம் ஸலாம் சொன்னால் மறுமொழி நம் காதில் விழாது.

நம் கடற்கரையில் முன்னாளில் முத்துக்குளித்தவர்கள், கனமான கல் ஒன்றில் கால் பதித்துக் கடலின் அடிக்குச் சென்றனர். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவார்கள். சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு, கயிற்றை அசைத்து, மூச்சு முடிவதற்குள் மேலே வருவார்கள். கல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் எவரும் முத்தோடு கரை சேர்ந்ததில்லை. சிதம்பரனார் கல்லை விட்டவர்.

நம் உள்ளங்களிலிருந்து பகைமையை நீக்கி, உறவுகளைச் சேர்த்து, உடலுக்கு ஆரோக்கியத்தையும் மனத்திற்கு அமைதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.